தொட்டில் வாங்கியாச்சு, பிக்மி எண் வாங்கியாச்சா?

எங்கள் பாப்பா பிறப்பதற்கு முன்பே ரங்கநாதன் தெருவுக்கு மூன்று முறை போய் வந்துவிட்டோம். "பொறக்கறதுக்கு முன்னாடி புதுசு வாங்காதீங்க" என்று பாட்டி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அதிகம் உதவியது, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து எடுத்த துணிதான். ஷாப்பிங்கில் அவ்வளவு மும்முரமாக இருந்ததில் மற்றதெல்லாம் அரைகுறையாக நின்றது.

முதலில் காகிதம். தனியார் மருத்துவமனையில்தானே பார்க்கிறோம், அரசு எண் எதற்கு என்று பலர் பிக்மி (PICME) பதிவை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்து எண் வாங்குவதை, விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். நிறைமாதத்தில் அதற்காக அலையாமல், கர்ப்பம் உறுதியானதுமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள்.

சான்றிதழில் அடுத்த சிக்கல் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரி படிவத்தில் வேறு மாதிரி இருக்கும். பிரசவ அறை வாசலில் பதற்றத்தோடு நிற்கும் கணவர் வாயில் வந்ததைச் சொல்லுவார், அதுவே பதிவாகிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதனால் பெற்றோர் பெயரை எழுத்துக் கூட்டி ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துவிடுங்கள். குழந்தை பெயருக்கு அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது நடக்கும் தவறு இன்னொன்று. தாம்பரத்தில் பார்த்த டாக்டர், பிரசவம் பெரம்பூரில். ஃபைல் மட்டும் மாமியார் வீட்டு பீரோவில்! ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சர்க்கரை அளவு எல்லாம் பெண்ணோடு போக வேண்டும். அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்த வகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். புது டாக்டருக்கு அது முன்பே தெரிந்திருப்பது நல்லது.

வழியைப் பற்றியும் யோசியுங்கள். ஞாயிறு மதியம் இருபது நிமிடத்தில் போனோம் என்று நம்பாதீர்கள், ஒரு வேலைநாள் மாலையில் போய்ப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தேதி என்றால், சுரங்கப்பாதை இல்லாத மாற்று வழி ஒன்று கட்டாயம் வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநாளில் தண்ணீர் நிற்பதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்டோ கிடைக்கும் என்று நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு, 37 வாரத்துக்கு முன்பே பை தயாராக இருக்கட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, வீட்டுப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசாமல் இருப்பது. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் சேனை வழக்கமும் போகவில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஆபத்தான நச்சு நோயைத் தரலாம். இரண்டாம் நாள் குழந்தை வீறிட்டதும் "பால் பத்தல, டப்பா பால் வாங்கிட்டு வா" என்பார்கள். பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சின்னது, முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. ஒரு வாரம் நெருங்கும்போது நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பொதுவாகப் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள், எதிர்வீட்டு அக்காவை அல்ல.

ஆஸ்பத்திரியில் வைத்து மாமியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசி செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். "அத்தை, உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று டாக்டர் எதிரில் உட்கார வையுங்கள். நாம் பத்து தடவை சொன்னது அங்கே ஒரே நிமிடத்தில் முடியும். மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை, மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதும் என்பது, மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போடுவது, எல்லாவற்றையும் அன்றே கேட்டுவிடலாம்.

அப்புறம் விடுமுறை. தனியார் நிறுவனத்தில் அப்பாக்களுக்குச் சட்டப்படி விடுப்பு கிடையாது, இருக்கிற நாலைந்து நாளைச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியிலேயே செலவழித்தேன். அங்கே நர்ஸ், அம்மா, அத்தை, சித்தி என்று எனக்கு நிற்கவே இடமில்லை. சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன மூன்றாவது வாரத்தில்தான் என் கை தேவைப்பட்டது. அது நவம்பர். விடாத மழை. வேட்டித் துணி முப்பது வைத்திருந்தோம், ஒன்றும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி, ஈரத் துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினோம். மழைக்காலத்துக் குழந்தைக்குக் குறைந்தது அறுபது துணி கிழித்து வையுங்கள்.