கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகுவது எப்படி: கோலாலம்பூர், பினாங்குத் தமிழர்களுக்கு

தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை நடத்தும் விதத்தைப் பொறுக்க முடியாமல் விலக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என் பேரை வெட்டிவிடுவார்களா?" என்பதுதான். வெட்டமாட்டார்கள். உங்கள் பெயர் இருப்பது, இன்ன நாளில் இன்னாருக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நடந்தது என்று பதிந்துவைத்திருக்கும் ஏட்டில். திருச்சபைச் சட்டப்படி திருமுழுக்கின் முத்திரை ஒருபோதும் அழியாது. அதிகபட்சம், உங்கள் பெயருக்கு எதிரே ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்கலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பயனில்லை, அது வணிகப் பரிமாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஜெர்மனியில் தேவாலய வரி இருப்பதால் விலகல் அரசு அலுவலகத்தில் நடக்கிறது. மலேசியாவில் நமக்கு அந்த வரி இல்லை, விலகலைப் பதிய அரசு அலுவலகமும் இல்லை. முஸ்லிம் அல்லாதவரின் மதம் மைகார்டின் முகப்பில் அச்சிடப்படுவதில்லை, ஆகவே இதற்காகப் பதிவிலாகாவுக்கு அலைய வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதங்களையும் நம்ப வேண்டாம். "முறைப்படியான விலகல்" என்ற ஏற்பாட்டுக்கு 2006 மார்ச்சில் வத்திக்கான் விதிமுறை தந்தது. 2009 அக்டோபரில் அப்போதைய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்தச் சொற்களையே திருமணச் சட்டப் பிரிவுகளிலிருந்து எடுத்துவிட்டார். அதன் பலனாக, நீங்கள் கடிதம் கொடுத்தாலும் திருமண விஷயத்தில் திருச்சபை உங்களைக் கத்தோலிக்கராகவே கணக்கில் வைக்கும்.

அப்படியானால் கடிதம் எதற்கு? மனசாட்சிக்காக. அது போதுமான காரணம்தான். ஆனால் பெற்றோர் வீட்டில், அவர்கள் பணத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதைக்கு அமைதியாக நின்றுவிடுவதே நல்லது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் முடிவு செய்வார்கள் என்று அரசமைப்புச் சட்டத்தின் 12(4) பிரிவு சொல்கிறது. கடிதம் காத்திருக்கும், தலைக்கு மேல் கூரை முக்கியம்.

எழுதுவதென்றால், திருமுழுக்கு பெற்ற பங்கை, அதாவது அந்த வட்டாரக் கோயிலை, தேடுங்கள். இப்போது பூசைக்குப் போகும் கோயிலில் உங்கள் மூல ஏடு இருக்காது. உறுதிபூசுதலும் திருமணமும் வேறு ஊரில் நடந்திருந்தாலும், அந்தச் செய்தி திருமுழுக்கு நடந்த பங்குக்கே அனுப்பப்படும். வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய சான்றிதழில் பங்கின் பெயரும் தேதியும் இருக்கும். தோட்டத்துச் சிற்றாலயத்தில் நடந்திருந்தால் அதைக் கவனித்துவந்த பங்கில் விசாரியுங்கள். ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியான மறைமாவட்டத்தின் எல்லையிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஈப்போவிலோ அலோர் ஸ்டாரிலோ திருமுழுக்கு என்றால் அது பினாங்கு மறைமாவட்டம். சிரம்பான், குவாந்தான் என்றால் கோலாலம்பூர் உயர்மறைமாவட்டம். ஜொகூரும் மலாக்காவும் சேர்ந்து தனி மறைமாவட்டம்.

கடிதத்தின் வாசகத்தில்தான் அதிகக் கவனம் தேவை. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357ஆம் எண் தன்பாலினச் செயல்களை இயல்பிலேயே ஒழுங்கற்றவை என்கிறது. 2358 மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. 2359 அவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. இந்தப் போதனையை ஏற்கவில்லை என்று மட்டும் எழுதினால் அது விலகல் ஆகாது, கருத்து வேறுபாடு என்று எடுத்துக்கொள்வார்கள். எதைவிட்டு விலகுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 751ஆம் எண் கிறிஸ்தவ விசுவாசத்தையே முழுதாகக் கைவிடுவதையும், திருத்தந்தையோடும் திருச்சபையோடும் உள்ள ஒன்றிப்பை மறுப்பதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இயேசுவை விடாமல் திருச்சபையை மட்டும் விடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கோபத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். இரண்டுக்குமே 1364ஆம் எண்ணின்படி திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

இப்படி எழுதலாம்: "இன்ன நாளில் உங்கள் பங்கில் திருமுழுக்கு பெற்ற நான், தன்பாலீர்ப்பாளர் பற்றிய திருச்சபையின் போதனையையும் நடைமுறையையும் மனசாட்சிப்படி ஏற்க இயலாததால், கத்தோலிக்கத் திருச்சபையோடு உள்ள ஒன்றிப்பிலிருந்து என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன். இதைத் திருமுழுக்குப் பதிவேட்டில் குறித்து, எனக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே திருமுழுக்குப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கையெழுத்து. ஒரு பக்கம் போதும்.

உங்கள் உறவைப் பற்றியோ துணைவரைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதாதீர்கள். குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் உண்டு. சட்டம் செயலைத்தான் தண்டிக்கிறது என்றாலும், கையெழுத்திட்ட ஒப்புதலை யாருடைய கோப்பிலும் விட்டுவைக்கத் தேவையில்லை. காரணம் போதனையோடு நிற்கட்டும், படுக்கையறைக்குப் போக வேண்டாம்.

அடுத்த ஆபத்து வாய்வழிச் செய்தி. பங்கு அலுவலகத்தில் உதவிக்கு உட்கார்ந்திருப்பவர் உங்கள் அத்தையோடு செபமாலை சொல்பவராக இருக்கலாம். உறையை ஒட்டி, பங்குத்தந்தையின் பெயரோடு "தனிப்பட்டது" என்று எழுதி, கண்காணிப்பு எண் கிடைக்கும் போஸ் லாஜுவில் அனுப்புங்கள். ஒரு பிரதியை மறைமாவட்டச் செயலகத்துக்கும் அனுப்புங்கள். பதில் வர வேண்டிய முகவரி பெற்றோர் வீடாக இருக்கக் கூடாது. பலருக்கு இதில்தான் குட்டு உடைகிறது.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் செயலகத்துக்கு நினைவூட்டல் எழுதுங்கள். "வாங்க, பேசலாம்" என்று ஃபாதர் அழைத்தால் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனால், "இப்போதுதான் ஆசீர்வாதமே கொடுக்கிறார்களே" என்ற பேச்சு வரும். 2021 மார்ச்சில் வத்திக்கான், தன்பாலின இணையரை ஆசீர்வதிக்க முடியாது என்றது. 2023 டிசம்பர் 18 அன்று, வழிபாட்டுக்கு வெளியே, திருமணம் போலத் தோன்றாத சிறு ஆசீர்வாதத்துக்கு அனுமதி தந்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்று அதே ஆவணம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் தடுமாற மாட்டீர்கள். அவர் நல்லவராக இருந்தால் நன்றி சொல்லுங்கள், முடிவை அங்கேயே மாற்றவோ உறுதிசெய்யவோ வேண்டாம்.

கடிதத்துக்கு முன்பே பொறுப்புகளை விட்டுவிடுங்கள்: வாசகர், பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு. மாதக் காணிக்கைக்கு வங்கியில் தானியங்கிக் கட்டளை இருந்தால் நிறுத்துங்கள். பங்கில் மரண சகாய நிதி இருந்தால், கட்டிய பணமும் பயனும் என்னவாகும் என்று விதிகளைப் பாருங்கள். வேறு சபைக்குப் போக நினைத்தாலும் விசாரித்துப் போங்கள். தென்கிழக்காசிய ஆங்கிலிக்கன் சபையும் இதில் பழைமைப் போக்குடையதே.

வீட்டில் சொல்ல நாள் பாருங்கள். தவக்காலம், கிறிஸ்துமஸ், ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழா நெருங்கும் வாரம் வேண்டாம். அம்மாவிடம் சட்ட எண்களைப் பேசாதீர்கள். "இனிமே பூசைக்கு வரமாட்டேன்மா, ஆனா திருவிழாவுக்கு உங்கள கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்பது அவருக்குப் புரியும், உங்களாலும் செய்ய முடியும். பூசையில் அமர யாருக்கும் தடையில்லை, நற்கருணை மட்டும் வாங்காமல் இருக்கையிலேயே இருங்கள். தம்பி குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்கக் கேட்டால் முன்கூட்டியே மறுத்துவிடுங்கள். கோயில் வாசலில் மறுப்பது குடும்பத்துக்குக் காயம்.

கடைசியாக, இறுதிச் சடங்கு. வெளிப்படையாக விலகியவருக்கு, மனம் மாறிய அடையாளம் இல்லையென்றால், திருச்சபைச் சட்டத்தின் 1184ஆம் எண் திருச்சபை அடக்கத்தை மறுக்கிறது. விலகல் வெளியே தெரியாதிருந்தால் குடும்பம் பூசையே வைத்துவிடும். எது வேண்டும், எது வேண்டாம், எரிப்பதா புதைப்பதா என்று அரைப்பக்கம் எழுதித் தேதியிட்டு, உடன்பிறந்தவர் ஒருவரிடமும் நண்பர் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். உயிலுக்குள் வைத்தால் அடக்கம் முடிந்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள்.