வகுப்பின் பின் வாங்குக் கிளிக்கர்கள் மட்டும் பதில் அனுப்பாதபோது

வகுப்பில் மாணவர்கள் பொத்தானை அழுத்திப் பதில் அனுப்பும் சிறு கருவிதான் கிளிக்கர். முன்வாங்குப் பதில்கள் கணினியில் உடனே விழும். பின்வாங்கில் பாதி வராது. சிஆர் 2032 பற்றரிகளையும் சனலையும் மாற்றினேன், வைஃபையை நிறுத்தியும் பார்த்தேன். பலனில்லை.

கவனித்தால், வீடியோ காட்டும் நாட்களில்தான் இந்தத் தொல்லை. வீடியோ இருந்தது வெளி ஹார்ட் டிஸ்கில். அதைச் செருகிய நீல நிற யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்திலேயே கிளிக்கர் பதில்களைப் பிடிக்கும் றிசீவர். யூஎஸ்பி 3.0 இல் தரவு ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். எங்கள் கிளிக்கர்கள் வேலை செய்வதும் அதே அலைவரிசையில். கிட்ட உள்ளவற்றின் சமிக்ஞை இரைச்சலைத் தாண்டி வந்துவிடும், தூரத்தது அமுங்கிவிடும்.

புறக்கோட்டையில் ஒன்றரை மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, றிசீவரைக் கரும்பலகையின் மேல்விளிம்பில் ஒட்டினேன். கடைசி வாங்கின் பதில்களும் வந்துவிட்டன. 3.0 வயருக்குக் காசைக் கொட்டாதீர்கள், றிசீவருக்கு 2.0 தாராளம். ஆனால் 5 மீற்றருக்கு மேல் சாதாரண வயர் சரிவராது.