வேர்ட்பிரஸ் பக்கத்தைப் பழைய வடிவத்துக்குத் திருப்புவது எப்படி?

பக்கத்தில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, நினைவிலிருந்து திரும்ப எழுதி, சேமித்துப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி திருத்திச் சேமிப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தைச் சேமிக்கும்போது பதிவாகும் ஒவ்வொரு வடிவமும் ஒரு ரிவிஷன். வேர்ட்பிரஸ் இயல்பாக எல்லா ரிவிஷன்களையும் வைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் தளத்தில் யாராவது மூன்று, ஐந்து என்று வரம்பு வைத்திருந்தால், உள்ளடக்கம் மாறிய ஒவ்வொரு சேமிப்புக்கும் இருப்பதிலேயே பழைய ரிவிஷன் ஒன்று அழியும். நீங்கள் தேடும் நல்ல வடிவம்தான் அந்தப் பழைய ரிவிஷனாக இருக்கலாம். முதலில் கையை எடுங்கள், பிறகு தேடுங்கள்.

பக்கத்தை எடிட்டரில் திறந்து, வலது ஓரப் பட்டையில் 'பேஜ்' தாவலுக்குப் போங்கள். அங்கே 'ரிவிஷன்ஸ்' என்ற வரியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். வரியே இல்லையென்றால், அந்தப் பக்கத்துக்கு இரண்டு ரிவிஷன்கள்கூடச் சேரவில்லை, அல்லது தளத்தில் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறார்கள். இருந்தால் அழுத்துங்கள். மேலே இழுக்கும் கோடும், கீழே இடம், வலம் என்று இரண்டு பத்திகளும் கொண்ட ஒப்பீட்டுத் திரை வரும்.

இந்தத் திரையில்தான் புதிதாக வருபவர்கள் தவறுகிறார்கள். அதனால் ஓர் எடுத்துக்காட்டோடு நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் பக்கத்துக்கு மூன்று ரிவிஷன்கள். திங்கள்: நேர அட்டவணை இருக்கிறது. செவ்வாய்: அட்டவணை தவறுதலாக அழிந்தது. புதன்: தலைப்பில் ஓர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்பட்டது.

திரை திறக்கும்போது கோட்டின் குமிழ் வலது கோடியில், அதாவது புதனில் நிற்கும். இடப்பத்தியில் செவ்வாய், வலப்பத்தியில் புதன். தலைப்பு வரி மட்டும் நிறம் மாறித் தெரியும். குமிழை ஒரு படி இடப்பக்கம் தள்ளினால் இடத்தில் திங்கள், வலத்தில் செவ்வாய். தொலைந்த அட்டவணை இடப்பத்தியில் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். "இதோ கிடைத்துவிட்டது" என்று 'ரிஸ்டோர் திஸ் ரிவிஷன்' பொத்தானை இங்கே அழுத்திவிடுகிறார்கள். வந்து சேருவது செவ்வாய்க்கிழமை வடிவம். அட்டவணையும் வராது, புதன்கிழமை திருத்திய தலைப்பும் போய்விடும்.

காரணம் எளிது. அந்தப் பொத்தான் எப்போதும் வலப்பத்தியில் இருப்பதைத்தான் மீட்கும். சிவப்பு என்பது அந்த ரிவிஷனில் நீக்கப்பட்டது, பச்சை என்பது சேர்க்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது சிவப்பில் தெரிகிறது என்றால், அது அழிந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். இன்னும் ஒரு படி இடப்பக்கம் தள்ளுங்கள். இப்போது திங்கள் வலப்பத்திக்கு வரும், அட்டவணை அங்கே பச்சையாகவோ நிறமில்லாமலோ இருக்கும். இங்கே அழுத்தினால்தான் சரி.

'கம்பேர் எனி டூ ரிவிஷன்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தால் குமிழ் இரண்டாகும். எப்போது என்ன மாறியது என்று தேட இது அருமையான வசதி. மீட்பதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு குமிழ்களில் எது மீளும் என்ற குழப்பம் வரும், வலது குமிழ் இருப்பதிலேயே புதிய ரிவிஷனில் நின்றால் பொத்தானும் மங்கிப்போயிருக்கும். தேடி முடித்ததும் டிக்கை எடுத்துவிட்டு ஒற்றைக் குமிழுக்குத் திரும்புங்கள்.

அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வி: முழுப் பக்கமும் திரும்ப வேண்டுமா, ஒரு பகுதி போதுமா? மேலே சொன்ன எடுத்துக்காட்டில் திங்களை மீட்டால் புதன்கிழமைத் திருத்தம் போகும். ஒரு பகுதி, இரண்டு பகுதி என்றால் ஒப்பீட்டுத் திரையிலிருந்து அந்த வரிகளை மட்டும் நகலெடுத்து எடிட்டரில் ஒட்டுவதே நல்லது. பிளாக் எடிட்டரில் (பக்கத்தைத் துண்டு துண்டாக, பிளாக்குகளாக அமைக்கும் எடிட்டரில்) எழுதிய பக்கமாக இருந்தால் ஒவ்வொரு பிளாக்குக்கும் மேலும் கீழும் கோணக்குறிகளுக்குள் ஒரு குறிப்பு வரி தெரியும். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எடுத்து, பக்கத்தின் நிரல்வரிகளையே காட்டும் கோட் எடிட்டருக்கு மாறி ஒட்டுங்கள். ஒன்றை விட்டாலும் பிளாக் உடைந்துவிடும்.

முழுவதையும் மீட்பதென்றால் இதை மறக்க வேண்டாம்: வெளியிட்ட பக்கமாக இருந்தால் பொத்தானை அழுத்திய நொடியே அது வாசகர்களுக்குப் போய்விடும். 'சரிதானா' என்று எந்தக் கேள்வியும் வராது. ஆனால் பயப்படத் தேவையில்லை. மீட்பதும் ஒரு புதிய ரிவிஷனாகவே சேரும், தவறாக மீட்டாலும் அதே வழியில் திரும்பி வரலாம். அந்த நேரத்தில் வேறொருவர் பக்கத்தைத் திறந்து எடிட் செய்துகொண்டிருந்தால் மீட்பு நடக்காது. அவரை எடிட்டரை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.

மீட்ட பிறகும் தளத்தில் பழையதே தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் கேஷ், அதாவது வேகத்துக்காக எடுத்து வைத்த பழைய நகல். கேஷ் பிளகின் இருந்தால் அதில் ஒருமுறை காலி செய்துவிட்டு, பிரவுசரின் இன்காக்னிட்டோ (பிரைவேட்) விண்டோவில் பாருங்கள்.

எதெல்லாம் திரும்பாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிவிஷனில் இருப்பவை தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் ஆகியவையே. வகை, குறிச்சொல், முகப்புப் படம், பக்க முகவரி எல்லாம் இப்போது இருப்பதே இருக்கும். கஸ்டம் ஃபீல்டுகளை (பக்கத்தோடு தனியாகச் சேமிக்கும் கூடுதல் தகவல்களை) ரிவிஷனில் சேர்க்கும் வசதி 2023-ல் வந்த வேர்ட்பிரஸ் 6.4 பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் அந்த ஃபீல்டைப் பதிவு செய்யும் பிளகினோ தீமோ அதைக் கேட்டிருக்க வேண்டும். மீடியா லைப்ரரியிலிருந்து அழித்த படமும் வராது. ரிவிஷனில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே.

பின்சேர்க்கை 1: எலிமென்டர் என்ற பக்க வடிவமைப்பு பிளகினில் கட்டிய பக்கங்களுக்கு இந்த ஒப்பீட்டுத் திரையை நம்ப வேண்டாம். வடிவமைப்பு வேறிடத்தில் சேமிக்கப்படுவதால் இங்கே வித்தியாசம் சரியாகத் தெரியாது. எலிமென்டர் எடிட்டருக்குள்ளேயே 'ஹிஸ்டரி' பகுதியில் ரிவிஷன்ஸ் தாவல் உண்டு, அங்கே பார்த்து மீட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: சேமிக்காமல் பிரவுசர் மூடிப்போனால் தேட வேண்டியது ஆட்டோசேவ், அதாவது வேர்ட்பிரஸ் தானாகச் சேமித்து வைக்கும் நகல். இயல்பாக 60 நொடிக்கு ஒருமுறை அது நடக்கும். ஆனால் ஒரு பக்கத்துக்கு, ஒரு பயனருக்கு ஒன்றுதான் இருக்கும், அடுத்தது முந்தையதன் மேலேயே எழுதப்படும். எடிட்டரைத் திறந்ததும் புதிய ஆட்டோசேவ் இருப்பதாக மேலே அறிவிப்பு வந்தால், எதையும் தட்டச்சு செய்யாமல் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை 3: பக்கத்தையே அழித்துவிட்டீர்கள் என்றால் டிராஷில் தேடுங்கள். இயல்பாக 30 நாள் அங்கே இருக்கும். 5.6 பதிப்பிலிருந்து, டிராஷிலிருந்து மீட்கும் பக்கம் டிராஃப்டாகவே வரும், மறுபடி பப்ளிஷ் கொடுக்க வேண்டும்.

ரிவிஷன் எண்ணிக்கையை தளத்தின் கான்ஃபிக் ஃபைலில் (wp-config.php) ஒரு வரி எழுதிக் கட்டுப்படுத்தலாம். அந்த வரி, 'எடிட் செய்வதை இங்கே நிறுத்துங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் குறிப்புக்கு மேலே இருக்க வேண்டும், கீழே எழுதினால் வேலை செய்யாது. நான் 20 வைக்கச் சொல்வேன். மூன்று போதவே போதாது, ஒரு சாயங்காலத் திருத்தத்திலேயே தீர்ந்துவிடும். டேட்டாபேஸைச் சுத்தம் செய்யும் பிளகின்களில் 'ரிவிஷன்களை வாரந்தோறும் அழி' என்ற அமைப்பு இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.