தீபாவளி காலையில் மெக்ரிட்சி ஓட்டம்: நாம் போடும் தப்புக் கணக்குகள்

போன தீபாவளிக்குச் சிங்கப்பூர் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதையின் வாசலில் ஓட வந்த ஒரு புதுக் கூட்டம். "பதினோரு கிலோமீட்டர்தானே, எட்டு மணிக்குக் கிளம்பினா ஒன்பதே காலுக்கு முடிச்சிரலாம். பத்தரைக்கு லிட்டில் இந்தியாவுல, தேக்கால வாழையிலைச் சாப்பாடு" என்று ஒரு தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னேன். ஷூ, தண்ணீர் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

சாலை வேகத்தை வைத்துச் சாப்பாட்டு நேரம் குறிப்பது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் தவறு இது. நான் அப்படிக் கணக்குப் போட்ட அந்தத் தீபாவளியன்று நாங்கள் எட்டுப் பேர். ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு கடையில் பத்தரைக்கு மேசை சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேர் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கடைசி நண்பர் பத்து மணிக்கும் காட்டுக்குள்தான் இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கே இருக்கே? சீக்கிரம் வா" என்று போனில் விரட்டினேன். வேர்கள் படிபடியாகக் கிடக்கும் இறக்கத்தில் அவசரமாக ஓடிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மூன்று வாரம் நொண்டினார். மேசையும் போனது. தீபாவளிக் கூட்டத்தில் எட்டுப் பேருக்கு மறுபடி யார் இடம் தருவார்கள்? புதுச் சட்டையோடு நின்றுகொண்டே மசால்வடை தின்றோம்.

சாலையில் ஓடும்போது கண் முன்னால் பார்க்கும். இங்கே ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்க்க வேண்டும். ஏற்றப் படிகளில் பெரும்பாலோர் நடக்கத்தான் செய்வார்கள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. வழியில் வரும் 250 மீட்டர் தொங்குபாலம் ஒருவழிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், விடுமுறை நாளில் முன்னால் ஒரு குடும்பமே செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கும். கூட்டத்தில் மிக மெதுவானவர் சாலையில் எவ்வளவு நேரம் எடுப்பார் என்று கேளுங்கள். அதில் பாதியைக் கூட்டுங்கள். குளியலறை வரிசைக்கு இன்னும் அரை மணி. அதற்கு அப்புறம்தான் மேசை. முன்னால் ஓடுகிறவரின் நேரம் யாருக்கும் உதவாது.

சரி, அப்படியானால் தாமதமாகக் கிளம்பலாமா? வேண்டாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மின்னல் இங்கே வாடிக்கை. ஓட்டத்தைச் சீக்கிரம் வையுங்கள், இலையைத் தள்ளி வையுங்கள்.

எண்ணெய்க் குளியல்

அம்மா திட்டினாலும் பரவாயில்லை, தலைக்குக் கொஞ்சமாக வையுங்கள். சீயக்காயில் போகாமல் மிஞ்சிய எண்ணெய் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். நான் ஒரு கிலோமீட்டர் அரைக்கண்ணில் ஓடியிருக்கிறேன்.

காலையிலேயே மட்டன் குழம்பு

இட்லி இரண்டு. குழம்பு மதியத்துக்கு.

பாலம் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் போவது

முதல்நாளே பாருங்கள்.

பலகாரப் பையோடு ஓடுவது

"முடிச்சதும் ஆளுக்கு ஒரு அதிரசம்" என்று பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்கிவரும் அன்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார். மெக்ரிட்சி குரங்குகளுக்கு அந்தப் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும். பிடுங்க வந்தால் இழுபறி செய்யாதீர்கள். நீங்களாக எடுத்துக் கொடுத்தாலோ அபராதம். எங்கள் அதிரசம் இப்போது கார் டிக்கியில்தான் காத்திருக்கிறது.