இலக்கை எட்டியும் மனம் நிறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த வேலை மட்டும் கிடைச்சுட்டா போதும்" என்று நினைக்காதவர்கள் குறைவு. வேலை கிடைக்கும், சில மாதம் இனிக்கும், பிறகு அடுத்த "போதும்" தொடங்கிவிடும். இதைப் பேராசை என்று சொல்லி நம்மை நாமே திட்டிக்கொள்வதில் பயனில்லை. இலக்கு நிறைவேறினால் மகிழ்ச்சி தானாக வந்து சேரும் என்று போடும் கணக்கில்தான் கோளாறு.

முதல் தவறு: எவ்வளவு சாதித்தோம் என்று பார்க்கிறோமே தவிர, எதைச் சாதித்தோம் என்று பார்ப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் ரயனும் எட்வர்ட் டெசியும் இலக்குகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பணம், புகழ், தோற்றம் ஒரு பக்கம். நெருக்கமான உறவு, சொந்த வளர்ச்சி, பிறருக்கு உதவுவது மறுபக்கம். கிறிஸ்டோபர் நீமியெக்குடன் சேர்ந்து 2009-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி முடித்த 147 பேரை ஓராண்டு இடைவெளியில் இருமுறை கேட்டார்கள். இரண்டாம் வகையில் முன்னேறியவர்களின் மனநலமும் கூடியிருந்தது. முதல் வகையில் முன்னேறியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பதற்றம் போன்ற தொல்லைகள்தான் கூடின. அதாவது, ஜெயித்த பிறகும்!

பணமே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வாடகைக்கும் மருந்துக்கும் அல்லாடுகிறவரிடம் இந்த ஆய்வைக் காட்டுவது அபத்தம். மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டுப் பணம் நடு இடத்தில் உட்காரும்போதுதான் தொல்லை.

அடுத்தது, அடுத்தவர் ஆசையைச் சுமப்பது. கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-ல் இதை ஆராய்ந்தார்கள். குற்ற உணர்வாலோ வற்புறுத்தலாலோ பற்றிக்கொண்ட இலக்கில் உழைப்பு நீடிப்பதில்லை, எட்டினாலும் நிறைவு குறைவு. அதற்காக அப்பா அம்மா சொன்னது எல்லாமே அந்நியம் என்று முடிவு கட்ட வேண்டாம். அம்மா சொன்ன மருத்துவப் படிப்பு மகளுக்கு உண்மையிலேயே பிடித்துப்போனால் அது அவள் இலக்குதான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் மூன்றாம் முறையும் நீட் எழுத உட்காருவது வேறு கதை.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது மகிழ்ச்சியையே இலக்காக வைக்கும் தவறு. ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011-ல் ஒரு சோதனை செய்தார்கள். மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று புகழும் கட்டுரையைச் சில பெண்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு மகிழ்ச்சியான படக்காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களை விட இவர்களுக்குக் காட்சி குறைவாகவே மகிழ்ச்சி தந்தது. "நான் இப்போது சந்தோஷமாக இருக்கிறேனா?" என்று அளந்துகொண்டே இருந்தால், இருப்பதும் போதாமல் தெரிகிறது.

ஆனால் இதை வைத்து "மகிழ்ச்சியைத் தேடாதே" என்று உபதேசிப்பதும் அவசரம்தான். 2015-ல் பிரெட் ஃபோர்டும் மாஸும் மற்றவர்களும் நாடுகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் மகிழ்ச்சியைத் தீவிரமாகத் தேடியவர்களின் நலம் குறைவாக இருந்தது. ஜெர்மனியில் தொடர்பே இல்லை. ரஷ்யாவிலும் கிழக்கு ஆசியாவிலும் நலம் அதிகமாகவே இருந்தது. அங்கே மகிழ்ச்சி என்றால் மனிதர்களோடு இருப்பது, உதவுவது என்று எடுத்துக்கொள்வது அதிகம் என்பதே அவர்கள் தரும் விளக்கம். ஆகவே தேடலை விட, எதை மகிழ்ச்சி என்று நினைத்துத் தேடுகிறோம் என்பது முக்கியம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தைக் கூட்டுவதும், தனியாக உட்கார்ந்து தன் மனநிலைக்கு மதிப்பெண் போடுவதும் ஒரே தேடல் இல்லை.

கடைசியாக, விடாப்பிடி. எட்ட முடியாத இலக்கை விட்டுவிடுவதைத் தோல்வி என்றே பழகிவிட்டோம். கார்ஸ்டன் ரோஷும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன: கைகூடாததைக் கைவிட முடிந்தவர்கள், புதிய ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள் மனநலத்தில் மேலாக இருந்தார்கள். போட்டித் தேர்வுக்கு வயது வரம்பு தாண்டிய பிறகும் அந்தப் புத்தகங்களையே புரட்டிக்கொண்டிருப்பவரிடம், "விடு" என்பதோடு நிறுத்தாமல் "அடுத்து என்ன செய்யப் போறே?" என்றும் கேளுங்கள்.