“கோ இல்லம்மா, வென்ட்!” – ஆங்கிலம் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“யெஸ்டர்டே ஐ கோ டு பாட்டி ஹவுஸ்” என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசையாக ஆரம்பிக்கிறாள். “கோ இல்லம்மா, வென்ட்” என்று குறுக்கிடுகிறோம். அவளும் “வென்ட்” என்கிறாள். பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்பது அதோடு நின்றுபோகிறது. பல வருடம் நானும் இப்படித்தான் பாடம் நடத்தினேன். இரண்டாம் மொழி கற்பதைப் பற்றிய ஆய்வுகளைப் படித்த பிறகுதான் எங்கே சறுக்குகிறோம் என்று பிடிபட்டது.

பிள்ளைகள் விடும் பிழையெல்லாம் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். வாய் தவறி வருவது ஒன்று. சொன்னவரே அதைத் திருத்திக்கொள்வார். மற்றது, பிள்ளை தன் மனதுக்குள் கட்டிவைத்திருக்கும் விதியிலிருந்து வருவது. ‘கேம்’ என்பதற்குப் பதில் ‘கம்ட்’ என்கிற பிள்ளையைப் பாருங்கள். அந்தச் சொல்லை நாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ‘வாக்ட்’, ‘ஜம்ப்ட்’ என்று கேட்டுக்கேட்டு, இறந்தகாலம் இப்படித்தான் வரும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அது வளர்ச்சி. அதற்குப் போய்த் தலையில் குட்டினால் எப்படி?

சரி, திருத்தவே கூடாதா? கட்டாயம் திருத்தலாம். எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கனடாவில் பிரெஞ்சு மொழியில் பாடம் படித்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் பிழைக்குத் தந்த பதில்களில் 55 சதவீதம், சரியான வடிவத்தைத் தாங்களே சொல்லிவிடுவதாக இருந்தது. அந்தத் திருத்தத்தை மாணவர்கள் கண்டுகொண்டு பதில் காட்டியதோ 31 சதவீதம்தான். பதிலைச் சொல்லாமல் மாணவரிடமிருந்தே வரவழைத்தபோது ஒவ்வொரு முறையும் மறுமொழி வந்தது. எல்லாமே சரியான விடை இல்லை. ஆனால் பிள்ளை யோசித்தது. ஆகவே “யெஸ்டர்டே ஐ…?” என்று இழுத்துவிட்டு, ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த ஐந்து விநாடி நமக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது, இலக்கணத்தை முழுதாக முடித்துவிட்டு அப்புறம் பேச வைக்கலாம் என்ற நினைப்பு. ‘ஹி கோஸ்’ என்பதில் வரும் கடைசி ‘ஸ்’ஸை ஆரம்பத்திலேயே நடத்திவிடுகிறோம். கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்பிய பிள்ளை, மணி அடித்ததும் “மை ஃபாதர் கோ டு ஆபீஸ்” என்பாள். அந்த ‘ஸ்’ பேச்சில் மிகத் தாமதமாகத்தான் படியும். வெவ்வேறு தாய்மொழிக்காரர்களிடம் செய்த ஆய்வுகளிலும் இதையே பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணத்தைத் தனிப்பாடமாக வைக்காமல் ஆங்கிலம் கற்பிக்க வைத்தார். ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் இவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைப்பார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்வார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். பிள்ளையின் கவனம் எந்த ரயிலைப் பிடிப்பது என்பதில் இருக்கும். மொழி கூடவே வந்து சேரும் என்பது பிரபுவின் எண்ணம். இலக்கணமே வேண்டாம் என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் யோசிக்க ஏதாவது கொடுத்தால்தான் பேச்சு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழ் பேசினால் அபராதம் போடுவதையும் விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, வகுப்பை ஒழுங்குபடுத்தவும் பாடத்தை விளக்கவும் ஆசிரியர்கள் இடையிடையே தமிழுக்கு மாறுவதைப் பதிவு செய்து, அதற்குப் பயன் உண்டு என்று காட்டினார்.

நாளைக்கு அந்தப் பிள்ளை மறுபடி “ஐ கோ” என்று ஆரம்பித்தால், முதலில் பாட்டி என்ன சமைத்தார் என்று கேளுங்கள். கதையை அவள் சொல்லி முடிக்கட்டும். ‘வென்ட்’டுக்கு அப்புறம் வரலாம்.