சாதாரணப் பொருளால் ஆன படைப்புக்கு நோக்கக் குறிப்பு எழுதும் முறை

கடையில் வாங்கிய பொருளைக் கலையாக வைத்தால், படைத்தவரின் நோக்கம் காகிதத்தில் இருந்தாக வேண்டும். 'இழப்பைப் பேசுகிறது' என்ற வரியை வைத்துக்கொண்டு காட்சிக்கூடத்தார் எதுவும் செய்ய முடியாது. எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று எழுதுங்கள்.

அமெரிக்கக் கலைஞர் ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸின் 1991 மிட்டாய்க் குவியல் நல்ல மாதிரி: பல வண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்கள், உகந்த எடை 175 பவுண்டு (சுமார் 79 கிலோ). பார்வையாளர்கள் எடுத்துக்கொள்ளலாம், குறைந்தால் நிரப்பலாம். மிட்டாய் மாறினாலும் படைப்பு அதேதான்.

கறையோ துருவோ படைப்பின் பகுதியா? தனி வரியில் எழுதி, கிட்டத்திலிருந்து எடுத்த படத்தோடு துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஜெர்மன் கலைஞர் மார்ட்டின் கிப்பன்பெர்கர் தன் படைப்பில் வேண்டுமென்றே பூசிய கறையை, 2011-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர அருங்காட்சியகத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டார்.